உரிய வழியாக ஒரு வலைப்பதிவு

யாரிடமும் எதையும் கேட்காமல் நீங்கள் கடைசியாக எழுதியது எப்போது?

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். விடுப்பு கேட்டு எழுதியிருப்பீர்கள். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கேட்டும், குடும்ப அட்டையில் மருமகள் பெயரைச் சேர்க்கச் சொல்லியும், மேலதிகாரி கொடுத்த மெமோவுக்கு விளக்கம் சொல்லியும் எழுதியிருப்பீர்கள். இடது ஓரத்தில் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், நடுவில் பொருள், கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள'. பத்து வயதில் வகுப்பறையில் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு பேனாவைக் கையில் எடுத்தாலே நமக்கு முதுகு வளைந்துவிடுகிறது. கோடிக்கணக்கான பேருக்கு எழுத்தறிவு கொடுத்ததாகப் பெருமை பேசுகிற ஒரு சமூகம், அந்த எழுத்தை மன்றாடுவதற்கு மட்டுமே பழக்கி வைத்திருக்கிறது.

கேள்வி என்னுடையது அல்ல. கடந்த மார்ச் மாதம் எங்கள் மருத்துவமனையின் தொழில்நுட்பத் திருவிழாவில் ஸ்டெல்லாமேரி இதை ஒரு வெள்ளை அட்டையில் பச்சை மையால் எழுதித் தன் மேசைமேல் நிறுத்தி வைத்திருந்தார்.

புதுச்சேரி நகருக்குள் இருக்கும் தனியார் மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். நானூறு படுக்கைகள். அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ஸ்டெல்லாமேரிக்கு மருத்துவ ஆவணப் பிரிவில் வேலை. தரைத்தளத்தில், சமையல்கூடத்துக்குப் பின்னால், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே இருபத்திரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறார். எந்த நோயாளியின் பழைய கோப்பைக் கேட்டாலும் நான்கு நிமிடத்தில் எடுத்துத் தருவார். ஒருமுறை நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஐம்பது விநாடி.

நெல்லித்தோப்பில் பிறந்தவர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபின் வீட்டில் சும்மா இருந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற 'சொல்தா' எனப்படும் சிப்பாய்களின் விதவைகள் சிலர் அதே தெருவில் இருந்தார்கள். தூதரகத்துக்கு, நகராட்சிக்கு, வங்கிக்கு என்று அவர்களுக்கு மாதம் ஒரு விண்ணப்பமாவது எழுத வேண்டியிருக்கும். பதினைந்து வயது ஸ்டெல்லாமேரிதான் எழுதித் தருவார். "தங்கள் மேலான கவனத்துக்கு" என்று எழுதி எழுதியே தன் கையெழுத்து அழகானது என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அப்படிப்பட்ட ஒரு பெண் 2009ஆம் ஆண்டில் ஒரு நாள் இணைய மையத்தில் போய் உட்கார்ந்து, 'கோப்பறை' என்று ஒரு வலைப்பதிவைத் தொடங்கி, முதல் வரியாக "இன்றைக்கு யாருக்கும் எழுதவில்லை" என்று தட்டினார். திருவிழாவுக்கு முன்தினம் வரை அறுநூற்றுப் பதினோரு பதிவுகள்.

அவற்றில் நோயாளிகளின் பெயரோ நோயோ ஒரு வரிகூட இருக்காது. அதில் அவர் கடுமையானவர். கோப்புகளைத் தின்கிற பூச்சிகளைப் பற்றி எழுதினார். மருத்துவர்களின் கையெழுத்து எந்த வயதில் சிதையத் தொடங்குகிறது என்று எழுதினார். ஒரு பதிவை நான் மறக்கவே மாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டி, 'பெயர்' என்ற கட்டத்தில் இன்னாருடைய மனைவி என்று மட்டுமே எழுதப்பட்ட பெண்களை எண்ணியிருந்தார். ஒரே ஆண்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பிள்ளை பெற்றார்கள், அறுவை செய்துகொண்டார்கள், சிலர் அங்கேயே இறந்தார்கள். பெயர் மட்டும் இல்லை. கோபமான ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காமல் ஸ்டெல்லாமேரி அந்த எண்ணிக்கையை மட்டும் எழுதி முடித்திருந்தார். படித்துவிட்டு எனக்கு அன்று பிற்பகல் வேலை ஓடவில்லை.

தொழில்நுட்பத் திருவிழா என்று சுற்றறிக்கை வந்தது. துறைக்கு ஒரு மேசை, செவிலியர் கல்லூரி மண்டபத்தில், ஒரு நாள் முழுக்க. தரச் சான்றிதழ் ஆய்வுக் குழு வரப்போகிறது, அதற்கு முன் ஊழியர்களைத் 'தொழில்நுட்பத்துக்குப் பழக்க வேண்டும்' என்பது நிர்வாக மேலாளர் லூர்துபிரகாஷின் திட்டம். ஆவணப் பிரிவுக்கு ஸ்கேனரை வைக்கச் சொன்னார்கள். ஸ்டெல்லாமேரி வலைப்பதிவை வைக்கிறேன் என்றார்.

"பிளாகா? அதெல்லாம் செத்துப்போய் பத்து வருஷம் ஆச்சு மேடம். இப்ப எல்லாரும் ரீல்ஸ் போடறாங்க" என்றார் லூர்துபிரகாஷ்.

"ரீல்ஸ்ல ஆடத் தெரிஞ்சிருக்கணும் சார். எனக்கு இடுப்பு வலி."

அவரும் சிரித்துவிட்டுக் கடைசி மேசையைக் கொடுத்தார். பதினான்காவது மேசை, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். பதின்மூன்றாவது என்னுடையது.

மண்டபத்தின் வாசலிலேயே முதல் மேசை. அதன் மேல் ஆள் உயரத் திரை. பச்சை எழுத்தில் 'ஊசிக்குத்துக் காயம் இல்லாத நாட்கள்: 212'. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி ஊழியர்மேல் குத்தினால் அந்த ரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி. போன்ற கிருமி உள்ளே போகலாம். அதனால் ஒவ்வொரு குத்தையும் உடனே பதிந்து, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். சீக்கிரம் தொடங்க, தொடங்க நல்லது. புதிய மென்பொருள் வந்தபின் இருநூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒரு குத்தும் பதிவாகவில்லை. திறப்பு விழாவில் அந்தத் திரைக்குத் திருஷ்டிப் பூசணி உடைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றி நாள் முழுக்கப் பாடம் எடுக்கிறவர்கள், கண்பட்டால் கணினி கெட்டுவிடும் என்று நம்புகிறார்கள். பூசணிச் சிதறலில் ஒரு செவிலியர் வழுக்கிவிழப் பார்த்தார். அந்த விபத்தும் எதிலும் பதிவாகவில்லை.

ஸ்டெல்லாமேரி திருவிழாவுக்கென்று 'பணிநேரம்' என்ற பொது வலைப்பதிவு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து எதையாவது எழுதலாம், அப்போதே வெளியாகும். முதலில் வந்தவர் மருந்துக் கிடங்குக் காப்பாளர் கமலக்கண்ணன். முப்பது ஆண்டு சேவை. சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா.

"எதை எழுதறது மேடம்?"

"தோணறத எழுதுங்க சார். நேத்து பாத்தது, கேட்டது."

கமலக்கண்ணன் இருபது நிமிடம் ஒற்றை விரலால் தட்டினார். எழுந்தபோது திரையில் இருந்தது இதுதான்:

'அனுப்புநர்: இரா. கமலக்கண்ணன், மருந்துக் கிடங்குக் காப்பாளர். பெறுநர்: வலைப்பதிவு அதிகாரி அவர்கள். உரிய வழியாக: மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள். பொருள்: கடற்கரையில் ஆமை கண்டமை தொடர்பாக. ஐயா, கடந்த ஞாயிறு காலை 5.40 மணியளவில் வீராம்பட்டினம் கடற்கரையில் பெரிய ஆமை ஒன்று முட்டையிட்டபின் கடலுக்குத் திரும்பிச் சென்றதை நேரில் கண்டேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு அழுகை வந்தது. இது தங்கள் மேலான கவனத்துக்கும் தக்க நடவடிக்கைக்கும்.'

ஸ்டெல்லாமேரி இரண்டு முறை படித்தார். "ஆமைமேல இன்னா சார் நடவடிக்கை எடுக்கறது?"

"இல்லன்னா முடிக்கத் தெரியல மேடம்."

"அழுகை வந்துதுன்னு எழுதினீங்க பாருங்க, அங்கயே முடிஞ்சிடுச்சி. மேல இருக்கறதெல்லாம் எடுத்துடலாமா?"

"ஐயையோ, அனுப்புநர் இல்லாம எப்டி? சரி, இது யாரு ஃபார்வர்டு பண்ணணும்?"

"யாரும் வேணாம் சார். இந்த பட்டனை அமுக்கினா வெளிய போயிடும்."

கமலக்கண்ணன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்டி ஒரு பேப்பர் உலகத்துலயே கிடையாது மேடம். பின்னாடி கேட்டா நாம இன்னா பதில் சொல்றது?"

அவரைக் கேலி செய்யாதீர்கள். அன்று வந்த எல்லாருமே அப்படித்தான் எழுதினார்கள். எங்கள் மருத்துவமனையில் பஞ்சு கேட்டாலும் பல்பு கேட்டாலும் ஒரு தாள் வேண்டும். அதில் மேலே ஒருவர் 'ஃபார்வர்டட்' என்று கையெழுத்திட வேண்டும். பிறகு தபால் பிரிவில் நீல முத்திரை குத்தி வரவு எண் போட வேண்டும். எண் விழுந்த தாளைத்தான் இங்கே தாள் என்பார்கள். எக்ஸ்ரே பிரிவுக்காரர் தன் பூனையைப் பற்றி 'மேற்படி பூனை' என்று எழுதினார். உணவுப் பிரிவுப் பெண் ஒருவர் மழையைப் பற்றி நான்கு வரி எழுதி, 'இணைப்பு: இல்லை' என்று முடித்தார். ஸ்டெல்லாமேரி ஒன்றையும் திருத்தவில்லை, அப்படி அப்படியே வெளியிட்டார். கமலக்கண்ணனோ ஒவ்வொன்றும் வெளியானவுடன் பக்கத்து அச்சுப்பொறியில் ஒரு படி எடுத்து, வரிசையாக அடுக்கி, ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் இது?"

"நீங்க உங்க வழியில போங்க மேடம். நான் உரிய வழியில போறேன்."

பதினொன்றரை மணி இருக்கும். இரண்டாவது மேசையில் யாரோ காபியைக் கொட்டிவிட்டார்கள். மேசைவிரிப்புகள் எல்லாம் சலவைப் பிரிவின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள்தான். மாற்று விரிப்போடு கன்னியம்மாள் வந்தார். ஒப்பந்தத் தொழிலாளி, ஐம்பதை நெருங்குகிறவர், பாகூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பேருந்தில் வருகிறார். ஒன்பது ஆண்டுகளாக எங்கள் அழுக்குத் துணியைப் பிரிக்கிறவர். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் திருவிழாவுக்கு அழைப்பு இல்லை. விரிப்பை மாற்றிவிட்டுக் கைகழுவத் தொட்டிப் பக்கம் வந்தார். இடது கட்டைவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது.

"வாங்கக்கா. நீங்களும் ஒண்ணு எழுதுங்க" என்றார் ஸ்டெல்லாமேரி.

"எனக்குக் கையெழுத்து போடத்தான் தெரியும் மேடம். அதுவும் மூணாவது எழுத்து கோணையாப் போவும்."

"எழுத வேணாம். பேசுங்க, அது எழுதிக்கும்."

"யாரு எழுதுவா?"

"மிஷினு."

"கிண்டல் பண்ணாத மேடம், வேலை கெடக்குது."

ஸ்டெல்லாமேரி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சின்ன மைக்கை விரிப்பின்மேல் வைத்து ஒரு பொத்தானைத் தட்டினார். "பேர் சொல்லுங்க."

"கன்னியம்மா. லாண்டிரி."

திரையில் அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கன்னியம்மாள் திரும்பித் தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு விரலைத் திரைக்கு ஒரு அங்குலம் முன்னால் நிறுத்தி, தொடாமல், தன் பெயரின் மேல் மெதுவாக நகர்த்தினார்.

"இதுவா நானு?"

"நீங்கதான்."

மண்டபத்தில் பதின்மூன்று மேசைகளில் பதின்மூன்று கருவிகள் இருந்தன. நான் கொண்டுவந்திருந்த இயந்திரம் ஒரு துளி ரத்தத்தில் இருபத்தாறு விஷயங்களைச் சொல்லும். அது எனக்குப் பழகிவிட்டது. இது பழகவில்லை. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் தங்கள் குரலைக் கொடுத்து, யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து ஒலியைக் கணக்காக மாற்றி, அந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து இப்போது பாகூர்ப் பக்கத்துப் பேச்சைப் பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தது. இதில் அற்புதம் எதுவும் இல்லை, மனித மூளையின் உழைப்பு மட்டுமே. அதனால்தான் எனக்கு மெய்சிலிர்த்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. இந்தப் பெண் ஒன்பது ஆண்டாகப் பேசியதை எங்களில் ஒருவர்கூட எழுதிக்கொண்டதில்லை.

"இப்ப யாருக்குன்னு சொல்லணும்?" என்று கேட்டார் கன்னியம்மாள். அவருக்கும் கடிதம் என்றால் அதுதான் முதல் கேள்வி.

"யாருக்கும் இல்ல. படிக்கறவங்க எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் இன்னா சொல்றது. கட்டில்ல இருந்து துணியை உருவறாங்களே, அவங்களுக்குச் சொல்றேன்." மைக்கைப் பார்த்து, அங்கே ஒரு ஆள் இருப்பது போல, நிதானமாகப் பேசத் தொடங்கினார்.

"காலையில ஆறு வண்டி துணி வரும். பச்சை, ஆபரேஷன் தியேட்டர் துணி. வெள்ளை, வார்டு துணி. நாங்க நாலு பேரு பிரிக்கறோம். கையாலதான் பிரிக்கணும், ரத்தம் பட்டது தனி, படாதது தனி. கிளவுஸ் குடுக்கறாங்க. ஊசிக்கு அது வெங்காயத் தோலு. அவசரத்துல ஊசிய கட்டில்மேல வெச்சிடறீங்க, அப்புறம் துணியோட சுருட்டி அனுப்பிடறீங்க. சனிக்கிழமை துணியில ஜாஸ்தி வரும், அன்னிக்கு வார்டுல ஆளு கம்மி, அது எங்களுக்குத் தெரியும், உங்கமேல கோவம் இல்ல. கெடைக்கற ஊசிய நான் தூக்கிப் போட மாட்டேன். ஊறுகா ஜாடியில போட்டு வெச்சிருக்கேன். தீவாளியில இருந்து நூத்துப் பதினேழு. எங்கூட இருக்கற தனக்கொடிய ரெண்டு தடவ குத்திடுச்சி. என்னை மூணு தடவ. மூணாவது நேத்து, காலையில பத்தரை மணிக்கு. இந்த வெரலு."

ஸ்டெல்லாமேரி ஒலிப்பதிவை நிறுத்தவில்லை. மெல்லக் கேட்டார்: "யாருகிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"சூப்பர்வைசராண்ட சொன்னேன். சோப்பு போட்டுக் கழுவுன்னாரு. வெளிய சொன்னா காண்ட்ராக்ட் போயிடும், அந்த டிவியில நம்பர் மாறிடும், அதனால வாய மூடுன்னாரு. என்னாலதான் எல்லாருக்கும் வேலை போச்சுன்னு ஆயிடக்கூடாதில்ல."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து மணி நேரம் கடந்திருந்தது. இன்னும் நாற்பத்தேழு மணி இருக்கிறது. ரத்தம் எடுக்க வேண்டும், மாத்திரை தொடங்க வேண்டும். யாருடைய ஊசி என்று தெரியாத குத்து, அதனால் எந்தக் கிருமியும் இருக்காது என்று விட்டுவிட முடியாது.

கன்னியம்மாள் பேசியது முழுவதையும் ஸ்டெல்லாமேரி அவருக்குப் படித்துக் காட்டினார். "இதைப் போடலாமா? பேர் இல்லாமலும் போடலாம். இல்ல, போடாமலே விட்டுடலாம். நீங்க சொல்றதுதான்."

கன்னியம்மாள் வாசல் பக்கம் இருந்த பச்சைத் திரையைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஸ்டெல்லாமேரியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "பேரு போட்டே போடு. இல்லன்னா அந்த நம்பரு மாதிரி இதுவும் பொய்யின்னுடுவாங்க" என்றார்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் பதிவு வெளியானது. வழக்கம்போலக் கமலக்கண்ணன் அதற்கும் ஒரு படி எடுத்து அந்தத் தாள்கட்டோடு சேர்த்து, ஏழு தாள்களோடு மாடிக்குப் போய்விட்டார். நான் கவனிக்கவில்லை. கன்னியம்மாளை அழைத்துக்கொண்டு முதல் மேசைக்கு ஓடினேன்.

அங்கே தொற்றுத் தடுப்புச் செவிலியர் நிர்மலாதேவி நின்றிருந்தார். ஊசிக்குத்தைப் பதிவதும் மாத்திரைக்குச் சீட்டு தருவதும் அவர் பொறுப்பு. விரலைப் பார்த்தவுடன் முகம் மாறியது. உடனே கணினியில் உட்கார்ந்தார். பெயர், துறை, நேரம் எல்லாம் அடித்தார். பிறகு கை நின்றுவிட்டது.

"எம்ப்ளாயி நம்பர் கேக்குது."

"காண்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு ஏது சிஸ்டர் நம்பர்?" என்றேன்.

"அது போடலன்னா சேவ் ஆவாது. சேவ் ஆனாதான் மாத்திரைச் சீட்டு வரும்." அவர் குரல் இறங்கியது. "பழைய நோட்டுல யார் பேர வேணா எழுதிடுவேன். இதுல முடியல."

புரிகிறதா? அந்த சூப்பர்வைசரை விட்டால், இருநூற்றுப் பன்னிரண்டு நாளும் யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட முடியாதபடி யாரோ ஒருவர் வடிவமைத்தார். துவைக்கிறவர்களும் துடைக்கிறவர்களும் குப்பை அள்ளுகிறவர்களும் அந்தக் கட்டத்துக்கு வெளியே நின்றார்கள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது. முப்பது ஆண்டுக்கு முன் 'இன்னாருடைய மனைவி' என்று எழுதிய கை, இப்போது கணினிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

அதற்குள் பதிவு செவிலியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது. லூர்துபிரகாஷ் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பதினான்காவது மேசைக்கு வந்தார். நானும் நிர்மலாதேவியும் கன்னியம்மாளோடு பின்னாலேயே போனோம்.

"மேடம், யார் பர்மிஷன்ல இதைப் போட்டீங்க? திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் வருது. உடனே எடுங்க."

"எழுதினவங்க இங்கதான் இருக்காங்க சார். அவங்க சொன்னா எடுக்கறேன்."

"நான் சொல்றேன் எடுங்கன்னு. நாளைக்கு உங்களுக்கு மெமோ வரும். இந்தம்மாவுக்கு மெமோகூட வராது, தெரியுமில்ல?"

கன்னியம்மாள் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டார். ஸ்டெல்லாமேரியின் கை விசைப்பலகைக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தது. இரண்டு பேரின் வேலையும் ஒரு பெண்ணின் உடம்பும் அந்த மேசைமேல் இருந்தன. அப்போதுதான் கமலக்கண்ணன் மூச்சிரைக்க மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"எல்லாம் ஆயிடுச்சி மேடம். ஒவ்வொண்ணா தனித்தனியா நம்பர் போட்டு வாங்கிட்டேன்."

"இன்னா ஆயிடுச்சி?" என்றார் லூர்துபிரகாஷ்.

"பெரிய டாக்டர் ஃபார்வர்டு பண்ணிட்டாரு சார். தியேட்டருக்குப் போற வழியில புடிச்சேன். ஏழுலயும் கையெழுத்து போட்டாரு."

மருத்துவக் கண்காணிப்பாளர் ஒரு நாளைக்கு இருநூறு தாளில் கையெழுத்திடுகிறவர். ஆமையையும் படிக்கவில்லை, பூனையையும் படிக்கவில்லை, கன்னியம்மாளையும் படிக்கவில்லை. ஏழாவது தாளில், 'இந்த வெரலு' என்ற வரிக்குக் கீழே, அவர் கையெழுத்து இருந்தது. அதன் பக்கத்தில் நீல முத்திரை. வரவு எண் 1847.

லூர்துபிரகாஷ் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலைப்பதிவை நீக்கிவிடலாம். எண் விழுந்த தாளை எங்கள் மருத்துவமனையில் யாராலும் நீக்க முடியாது. தாள் இருந்தால் கோப்பு வேண்டும், கோப்புக்கு நடவடிக்கை வேண்டும். முப்பது ஆண்டுகளாக எங்களை வளைத்து வைத்திருந்த அந்தச் சடங்கு, முதல்முறையாக ஒருவரையாவது நிமிர்த்தியது.

"சிஸ்டர்" என்றார் ஸ்டெல்லாமேரி, நிர்மலாதேவியைப் பார்த்து. "அந்தக் கட்டத்துல நாலு நம்பர் போட்டா போதுமா?"

நிர்மலாதேவி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு முதல் மேசைக்கு நடந்தார். லூர்துபிரகாஷ் தடுக்கவில்லை. அந்த மனிதரைப் பற்றி அதையும் எழுதியாக வேண்டும். எம்ப்ளாயி நம்பர் கேட்ட இடத்தில் நிர்மலாதேவி 1847 என்று அடித்தார். சேவ் ஆனது. சீட்டு வந்தது. வாசலில் இருந்த பச்சை எழுத்து ஒருமுறை மினுங்கி, 'காயம் இல்லாத நாட்கள்: 0' என்று சிவப்பாக மாறியது. மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"நம்பர் மாறிடுச்சே" என்றார் கன்னியம்மாள், பயந்துபோய்.

"இப்பதான் அது சரியா இருக்குது" என்றார் நிர்மலாதேவி.

பகல் ஒரு மணிக்கு நானே ரத்தம் எடுத்தேன். ஒன்றேகாலுக்கு முதல் மாத்திரை. இருபத்தெட்டு நாள் மாத்திரையில் பத்து நாள் வாந்தி, ஆனாலும் கன்னியம்மாள் ஒருவேளைகூட விடவில்லை. மாலையில் தனக்கொடி வந்தார், அவருக்குப் பின்னால் துப்புரவுப் பிரிவிலிருந்து நான்கு பேர். எல்லாரும் பதினான்காவது மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். மண்டபத்தைப் பூட்டுகிற வரை ஸ்டெல்லாமேரி எழுந்திருக்கவில்லை.

அவருக்கு மெமோ வந்தது. 'முன் அனுமதியின்றி வெளியிட்டது ஏன்?' பதிலை அவர் 'கோப்பறை'யில் அறுநூற்றுப் பன்னிரண்டாவது பதிவாக வெளியிட்டு, அதன் அச்சுப்படியை நிர்வாகத்துக்குக் கொடுத்தார். பதினொரு வரி. 'கீழ்ப்படிதலுள்ள' என்ற சொல் அதில் இல்லை. மேற்கொண்டு கேட்டால் கண்காணிப்பாளரின் கையெழுத்துக்கும் விளக்கம் தேட வேண்டியிருக்கும் என்பதால் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரரும் கன்னியம்மாளைத் தொடவில்லை. எண் விழுந்த ஆளாயிற்றே.

ஊறுகாய் ஜாடி இப்போது நிர்மலாதேவியின் மேசையில் இருக்கிறது. சலவைப் பிரிவில் ஊசி போடும் பெட்டி வைத்திருக்கிறார்கள், தடித்த கையுறையும் வந்திருக்கிறது. மென்பொருளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடிகிறது. மார்ச் முதல் இன்றுவரை பதிவான குத்துகள் முப்பத்து நான்கு. பச்சைத் திரையை மட்டும் எங்கேயோ எடுத்துப் போய்விட்டார்கள்.

கன்னியம்மாளின் ஆறாம் மாதப் பரிசோதனை சென்ற வாரம். முடிவு தாளில் வரும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இல்லை. எந்தக் கிருமியும் இல்லை. அவரிடம் தாளைக் கொடுத்தேன். முடிவைக் கேட்டுக்கொண்டவர், தாளின் தலைப்பில் விரலை வைத்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். மூன்றாவது எழுத்தில் தடுமாறி, திரும்ப முதலிலிருந்து படித்தார். நான் காத்திருந்தேன்.

நாளை வேலைக்குப் போகும்போது உங்கள் இடத்தின் விபத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். துவைப்பவர், துடைப்பவர், குப்பை அள்ளுபவர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லையென்றால், அவர்களிடம் போய் உட்காருங்கள். கையைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சம்மதித்தால், அவர்கள் பெயரோடு, எல்லாரும் படிக்கிற இடத்தில் போடுங்கள். பெறுநர் என்ற வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.